ஜப்பான் பெட்டியோடு மணப்பாடு வரை

யுத்தம் பினாங்குக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டூவர்டு பதவி வகித்தவன் நான். ஸ்டூவர்டு என்றால் சமையற்காரன் என்று இந்தியாவில் சிலர் நினைக்கிறார்கள். நோயாளி எவருக்கு எந்த வேளை எந்த உணவு, எவ்வளவு என்று நிர்ணயித்து, நிறுத்து, வார்டுக்கு அனுப்பும் உத்தியோகஸ்தர் அவர். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பட்டம் பெற்ற பின்பே நான் கப்பல் ஏறினேன். என் கையெழுத்தில்லாமல் உக்கிராணத்தைவிட்டு ஒரு முட்டைகூட வெளியே போனதில்லை. கோயிலில் முதல் வரிசையில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. பெருமைக்காக இவற்றைச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் நான் கேட்க நேர்ந்த பேச்சுகள் எப்படிப்பட்டவனைப் பற்றியவை என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யுத்தம் ஓய்ந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய ஆண்டில், என் ஒரே மகள் எஸ்தரின் திருமணப் பேச்சை முடிவு செய்ய நான் தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன். தாயில்லாப் பெண். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக இருப்பவள். மாப்பிள்ளை ஜெயராஜ், துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் தகப்பனார் தேவசகாயம் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா, பூர்வீகம் திருநெல்வேலி ஜில்லா நாசரேத். போட்டோக்களும் சாட்சிக் கடிதங்களும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. நேரில் கண்டு நாள் குறிப்பது மட்டுமே பாக்கி என்று நம்பியிருந்தேன்.

கொழும்பில் மாறி ஏறிய கப்பல் தூத்துக்குடியில் கரைக்கு வருவதில்லை. வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, நாம் படகில் இறங்கி அலையில் ஆடி வரவேண்டும். பினாங்கில் கப்பலிலிருந்து நேரே பலகையில் இறங்கிப் பழகிய எனக்கு இது மரியாதைக் குறைவாகவே பட்டது. குடற்புண்காரனாதலால் குலுக்கலில் வயிறு எரிந்தது. கரையில் உப்புக் குவியல்களின் வெளுப்பில் கண் கூசியது. பக்கத்தில் ஒரு கிடங்கு வாசலில் கடலிலிருந்து எடுத்த சங்குகளைச் சதை அழுகக் குவித்திருந்தார்கள். அந்த நாற்றத்தினூடே சுங்கச் சாவடிக்குள் நுழைந்தேன்.

அங்கே என் துணிகளை எவரும் கிளறவில்லை. என் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் கையில் எடுத்தார்கள்.

அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகத்தை விடச் சற்றே பெரிய, கறுப்பு அரக்குப் பூசிய மரப் பெட்டி. உள்ளே தடுப்புகள். ஜப்பானியர் இதைப் பெந்தோ என்பார்கள். பினாங்கு அவர்கள் கையிலிருந்த ஆண்டுகளில், ஆஸ்பத்திரியிலிருந்த அவர்களுடைய அதிகாரிகளுக்கு மதிய உணவை இத்தகைய பெட்டிகளில் அடுக்கி அனுப்பும் கட்டளை என்மேல் விழுந்தது. பாதிப் பெட்டி சோறு. மற்றப் பாதியில் மீன் அல்லது முட்டை ஒரு பங்கு, காய்கறி இரு பங்கு, ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாய். ஈரமுள்ளது எதுவும் ஆகாது. இடைவெளி விடக்கூடாது, விட்டால் நடக்கிற நடையில் எல்லாம் கலைந்துபோகும். அவர்கள் போன பின்பு எஞ்சிய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது ஒரு பெட்டியை நான் முறைப்படி வாங்கினேன். எவருடைய பெட்டியானாலும் அதன் அளவு நல்ல அளவு. என் குடற்புண்ணுக்கு அதைவிடச் சிறந்த வைத்தியம் கிடைக்கவில்லை.

சுங்கச் சேவகன் பெட்டியைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தான். “இதுல சப்பான் எழுத்துல்லா இருக்கு,” என்று அடுத்தவனிடம் காட்டினான். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அங்கனயே விட்டுட்டு வரப்படாதா ஐயா?” என்றான். என்னை வரவேற்க வந்திருந்த ஜெயராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏல ரசீதைக் காட்டிப் பெட்டியைப் பெற்றுக்கொண்டேன். குதிரை வண்டியில் ஏறிய பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திராது.

மறுநாள் மதியம் தேவசகாயம் வீட்டில் விருந்து. காலையில் நான் தங்கியிருந்த விடுதிக்கு எதிரிலிருந்த சந்தையில் முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் வாங்கினேன். பினாங்குச் சந்தையில் மீன்காரர் பேசுவதில்லை, எடைக்கல்லைப் பார்ப்பார். இங்கே மீன்காரி எடைக்கல்லைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்த்தே விலை சொல்கிறாள். நெத்திலி மட்டும் அங்குள்ளதைவிட இங்கே மேல். ரேஷன் அரிசி சிவந்து, கல்லும் உமியுமாக இருந்தது. விடுதிச் சமையற்காரரிடம் அதைக் குழையாமல் வடிக்கச் சொல்லி, கீரையை நீரில்லாமல் சுருட்டி, நெத்திலியை எண்ணெயில்லாமல் வறுத்து, நானே பெட்டியில் அடுக்கிக்கொண்டு விருந்துக்குப் போனேன். என் வயிற்றைப் பற்றி முன்கூட்டியே எழுதியிருந்தபடியால் அதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இலை போட்டிருந்தார்கள். தேவசகாயத்தின் மனைவி ஞானம்மாள் முதல் தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இஞ்சித் துவையலும் வறுத்த ஆட்டுக்கறியும் பரிமாறக் காத்திருந்தார். நான் பெட்டியைத் திறந்ததும் அகப்பை அவர் கையிலேயே நின்றது.

“எங்க வீட்டுச் சொதி அந்தப் பெட்டிக்குள்ள ஒழுகிரும்னு பயப்படுதியளோ அண்ணாச்சி?” என்றார்.

சிரித்துக்கொண்டே கேட்டதுதான். ஆனால் கூடத்தில் வேறெவரும் சிரிக்கவில்லை. ஒரு கரண்டி சொதியை இலையில் விடச் சொல்லிச் சோற்றோடு பிசைந்து உண்டேன். அதன் பலனை மாலைவரை அனுபவித்தேன்.

கை கழுவி வந்ததும் தேவசகாயம் என்னை முன்னறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதரல்ல. வேர்வையைத் துடைத்தபடியே, கேட்க வெட்கப்பட்டுத்தான் கேட்டார். மணப்பாட்டைச் சேர்ந்த சந்தியாகு என்ற கப்பல் ஊழியன் பினாங்கிலிருந்து திரும்பி வந்திருக்கிறான். அவன் சொன்னதாகத் துறைமுகத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. ஜப்பான்காரனுக்கு வெள்ளைச் சோறும் நம் ஜனங்களுக்குத் தவிடும் போட்ட ஒரு ஸ்டூவர்டு அங்கே இருந்தாராம். அதிகாரிகளோடு உட்கார்ந்து அதே பெட்டியில் அவரும் வெள்ளைச் சோறு உண்டாராம். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இக்கரையில் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஸ்டூவர்டின் மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சொந்தக்காரர்கள் படியேற மாட்டார்கள்.

“பொய்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். நான் பாத்துக்கிடுதேன்,” என்றார்.

முதற்பகுதி பொய்யல்ல என்று சொன்னேன். வெள்ளை அரிசி அதிகாரிகளுக்குத்தான் போயிற்று. பக்கத்துக் கெடா நாட்டிலிருந்து பழுப்பாக வந்த அரிசியை வெளுக்கும்வரை குத்தித் தரவேண்டும் என்பது கட்டளை. ஒரு மணி குறைந்தாலும் கேள்வி உண்டு. வார்டுக்கு அவர்கள் அனுமதித்தது மரவள்ளிக்கிழங்கு ஒன்றே. கிழங்கை மட்டும் தின்றவர்கள் கால் வீங்கி, வீக்கம் மேலேறி, மூச்சடைத்துச் செத்தார்கள். பெரிபெரி என்ற அந்நோய்க்கு மருந்து அரிசியின் மேல்தோலில் இருக்கிறது. அதாவது, குத்தி எறிந்த தவிட்டில். அதைச் சலித்து, வறுத்து, கிழங்கு மாவோடும் தேங்காயோடும் பிசைந்து அடையாகத் தட்டி வார்டுக்கு அனுப்பினேன். அதிகாரிகளின் பெட்டியில் எந்த அளவு பார்த்தேனோ அதே அளவை அந்த அலுமினியத் தட்டுகளிலும் பார்த்தேன்: பாதி அடை, கால் பங்கு கீரை, மீன்தலையாவது ஒரு துண்டு.

தேவசகாயம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்ப நீங்க என்ன சாப்பிட்டிய?” என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. என் வாயால் என்னை விடுவித்துக்கொள்ளும் நிலைக்கு நான் இறங்குவதாயில்லை. சந்தியாகு கால் வீங்கி எங்கள் வார்டில் கிடந்தவன், அவனிடமே போய்க் கேட்கலாம், நானும் உடன் வருகிறேன் என்றேன். அவர் எதிர்பார்க்காத பதில் அது. நாசரேத்துச் சொந்தக்காரர்கள் நாளை மறுநாள் வந்து கூடுவதாக இருந்தது. அதற்குள் தெரிந்தாக வேண்டும். மறுநாள் காலையே புறப்படச் சம்மதித்தார். கிளம்பும்போது, “பெட்டிய மட்டும் விடுதியிலயே வச்சிருங்க,” என்று கேட்டுக்கொண்டார்.

வைக்கவில்லை.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கிடைக்கவில்லை. மணப்பாட்டுக்குப் போகும் பஸ்ஸின் முதுகில் ஆளுயரக் கரியடுப்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து வரும் புகையில்தான் வண்டி ஓடும் என்றார்கள். ஓடியது என்று என்னால் சொல்ல இயலாது. ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு நடுவே அடியோடு நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். தேவசகாயம் கோட்டும் தலைப்பாகையுமாக உள்ளேயே இருந்தார். நானும் இருந்தேன். வெளியே ஒருவன், “உள்ள ரெண்டு துரைமாரு இருக்காவலே, அதான் பாரம்,” என்றது தெளிவாகக் கேட்டது.

தள்ளியும் பயனில்லை. அடுப்பைக் கிண்டிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். வேளை ஆகிவிட்டது. வேளை தவறினால் என் வயிறு பொறுக்காது. பெட்டியைத் திறந்தேன். அருகே காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர், கொழும்பில் கடை வைத்திருந்தவராம், எட்டிப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ், என்ன நேர்த்தியா அடுக்கியிருக்கீங்க. கொழும்புல சப்பான் கடைக்காரன் பொஞ்சாதி இப்படித்தான் கட்டிக் குடுப்பா,” என்றார்.

ஜப்பான் என்ற சொல் பஸ்ஸின் கடைசிவரை போயிற்று. பின்னாலிருந்த கிழவர் ஒருவர் என்னிடம் கேட்காமல், பொதுவில் கேட்டார்: “சயாமுக்குப் போன என் மவனுக்கு எந்தப் பெட்டியில கட்டிக் குடுத்தானுவளாம்?” தேவசகாயம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுக்கியதை முழுவதும் உண்டு முடித்த பிறகே பெட்டியை மூடினேன். ஒளிந்து உண்ணும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் ஒரு கவளமும் ருசிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

மணப்பாடு ஒரு மணல்மேட்டின் மேல் கோயிலும் அதன் கீழ் கடலுமாக இருக்கும் ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விசாரித்ததில், வள்ளங்கள் ஏற்றியிருந்த கரையில் ஒருவனைக் காட்டினார்கள். வலையை மடியில் போட்டு முடிந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான். வார்டில் நான் முதலில் பார்த்தபோது அவன் கால்கள் இரண்டும் வாழைத்தண்டுபோல் வீங்கியிருந்தன. இப்போது தன் காலில் நின்றான்.

அவன் கண் என் முகத்தைக் காணுமுன் பெட்டியைக் கண்டது.

“அந்தப் பெட்டிதான்,” என்றான். “ஸ்டூவர்டு ஐயாவா?”

தேவசகாயம் தன்னை இன்னாரென்று சொல்லி, துறைமுகத்துப் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். நான் பத்தடி தள்ளி நின்றேன். சாட்சியைக் கலைப்பதாக எவரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அந்த மனிதன் அடுத்துச் சொல்லப்போகும் வார்த்தையில் என் மகளின் வாழ்வு இருந்தது.

“ஆமா, தவுடுதான் போட்டாரு,” என்றான் சந்தியாகு. “வெள்ளச் சோறு அவனுவளுக்கு, தவுடு எங்களுக்கு. மாட்டுக்கு வைக்கிறத மனுசனுக்கு வச்சாரு. சொல்லத்தான் செஞ்சேன். பொய்யில்லையே.”

அதனால்தான் வீக்கம் வடிந்தது என்று தேவசகாயம், நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்.

“காலு வடிஞ்சது மாதா கிருப. தவுட்டுக்கு நான் ஏன் கும்புடு போடணும்?”

குடிசை வாசலில் நின்ற அவன் மனைவி குறுக்கிட்டாள். “மாதா என்ன கையில எடுத்து ஊட்டவா செய்வா? ஏதோ ஒண்ணக் குடுத்துத்தான் வடிய வைப்பா.”

“நீ சும்மா இருளா,” என்றான்.

தேவசகாயம் கடைசிக் கேள்வியைக் கேட்டார். அதிகாரிகளோடு உட்கார்ந்து ஸ்டூவர்டும் வெள்ளைச் சோறு சாப்பிட்டாரா?

சந்தியாகு முடிந்துகொண்டிருந்த கண்ணியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். “இத யாரு சொன்னா? நான் சொல்லல. வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு அவரும் அதே தவுட்டு அடையத்தான் தின்பாரு. தின்னும்போதுகூட மூஞ்சிய இப்படித்தான் வச்சிருப்பாரு, இப்ப நிக்காருல்லா, அதே மாதிரி.”

அவன் மனைவி சிரித்துவிட்டாள். தேவசகாயமும் சிரித்தார், மூன்று நாட்களில் முதல் தடவையாக.

அவள் எங்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்றாள். மறுக்க எனக்கு நியாயமில்லை. அவள் தந்த சோற்றையும் இறாலையும் அவித்த கிழங்கையும் பெட்டியில் அடுக்கினேன். சந்தியாகு குனிந்து கவனித்துக்கொண்டிருந்தான். “இறாலுக்கு வாலு எல்லாம் ஒரே பக்கம்,” என்று மனைவியிடம் சொன்னான். “எங்க தட்டுலயும் இப்படித்தான், மீந்தலை எல்லாம் ஒரே பக்கம் பாத்துக் கிடக்கும். சாவக் கெடக்கிறவனுக்கு எதுக்குடா இந்த அலங்காரம்னு ஏசுவோம்.” அவன் அதைப் பாராட்டாகச் சொன்னானா, பழியாகச் சொன்னானா என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. இருவரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துப் பிரிந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் தேவசகாயம் உற்சாகமாக இருந்தார். சம்பந்தி என்ற சொல்லை அவர் உபயோகித்தது அப்போதுதான். குலசேகரப்பட்டினம் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார். தவிடு விஷயத்தைச் சொந்தக்காரர்களிடம் விளக்குவது கஷ்டம். மேல்தோல், மருந்து என்றால் எவருக்கும் புரியாது. அதைவிட, ஜப்பான்காரனுக்கு வைத்திருந்த அரிசியில் கொஞ்சம் ஒளித்து எடுத்து நம் ஜனங்களுக்குக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டால் காதுக்கு நன்றாக இருக்கும்.

“இப்படிச் சொன்னா யாருக்கு நட்டம் அண்ணாச்சி? உங்க பேருக்கு உயர்வுதானே.”

நான் பதில் பேசவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் என் மௌனம் மறுப்பு என்பது கடைநிலைச் சேவகனுக்கும் தெரியும். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

குறித்த நாளில் நாசரேத்திலிருந்து வண்டிகள் வந்தன. கூடம் நிறைந்தது. நடுவில் குருவானவர், அவருக்கு வலப்புறம் நான், எதிரே ஜெயராஜ். ஜெபம் முடிந்தது. தேவசகாயம் எழுந்து என்னை அறிமுகம் செய்தார். என் பட்டத்தைச் சொன்னார், பதவியைச் சொன்னார். பிறகு, ஜப்பான் அதிகாரிகளின் பெட்டிகளில் அடியில் வெறும் கிழங்கை வைத்து மேலே மட்டும் சோற்றைப் பரப்பி, அப்படி மிச்சம் பிடித்த வெள்ளை அரிசியை வார்டுக்குக் கடத்தி, உயிரைத் துச்சமாக மதித்து நூற்றுக்கணக்கான தமிழரைப் பிழைக்க வைத்தவர் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அடக்கிய விசும்பல் ஒன்று கேட்டது. குருவானவர் என் கையைப் பற்றிக்கொண்டார். ஞானம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் சொதியை மறந்துவிட்டது தெரிந்தது.

உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் அன்றே நாள் குறித்திருப்பார்கள். ஆனால் அந்தத் தவிட்டை முறத்தில் போட்டு ராப்பகலாகப் புடைத்தவள் எஸ்தர். தூசியில் இருமி இருமி அவள் குரலே கம்மிப் போயிருந்தது. இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து, பெண்கள் சூழ உட்கார்ந்து, அரிசி கடத்திய கதையைச் சொல்லு என்று கேட்கப்படும்போது அவள் என்ன சொல்வாள்? நடந்ததைச் சொன்னால் தகப்பன் பொய்யன். கேட்ட கதையைச் சொன்னால் அவளே பொய்க்காரி. ஆயுள் முழுவதும் இந்தக் கூடத்தில் அவள் அப்படித்தான் உட்கார வேண்டும். குருவானவர் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு எழுந்தேன்.

“அரிசியில் ஒரு மணியும் நான் எடுக்கவில்லை. பெட்டிகள் அளவு குறையாமல் போயின. வார்டுக்குத் தவிடு கொடுத்தேன். அதைச் சலித்தவள் என் மகள்,” என்றேன்.

நாசரேத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “தவுடா? தவுட்ட மாட்டுக்குல்லா வைப்பாவ?” என்று கேட்டார். ஜெயராஜ் மட்டும் என்னை நேராகப் பார்த்து, அதை எப்படிச் சமைத்தீர்கள் என்று வினவினார். நான் சொல்லத் தொடங்கினேன். தகப்பனார் அவரைக் கையமர்த்தி, என்னை முன்னறைக்கு அழைத்தார்.

அங்கே அவர் கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. தவிட்டைப் பற்றி மனைவியிடமும் மகனிடமும் முன்பே சொல்லியாயிற்று, அவர்களுக்கு ஆட்சேபமில்லை என்றார். சபையில் சொன்ன வார்த்தையைத் தான் திரும்பப் பெற இயலாது. நான்தான் உள்ளே போய், அடக்கத்தினால் அப்படிச் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவ்வளவே.

“ஒரு வார்த்ததான் அண்ணாச்சி. பிள்ளையள நெனச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தேன். ஜெயராஜ் நல்ல பிள்ளை. அவரைப் போன்ற ஒருவர் எளிதில் கிடைக்கமாட்டார் என்பதை அந்த அறையில் நின்றபடியே அறிந்திருந்தேன். என் மகளை இந்த வீட்டுக்குக் கொடுப்பதாயில்லை என்று தேவசகாயத்திடம் தெரிவித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, கூடத்தின் வழியாகவே வெளியேறினேன்.

பினாங்கு திரும்பி எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். தவிட்டைச் சமைத்த விதம் பற்றி ஜெயராஜ் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாரா என்று மறுபடியும் விசாரித்தாள். கேட்டார் என்றேன்.

நம்மவருக்குத் தவிடு போட்ட காரணத்தால் தேவசகாயம் வீட்டார் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள் என்று இங்கே கோயில் வாசலில் பேசப்படுகிறது. அது தவறு. தவிட்டை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நான் எடுக்காத அரிசியை நான் ஏற்கவில்லை. முறித்தது நான்.